எழுபது புள்ளி மூணு

— எண்ணெய்னா எண்ணெய்தானே அய்யா. அதுக்கு எதுக்கு ரெண்டு நம்பரு?

— கேளும்மா கலைமகள். வெளிநாட்டுலேருந்து எந்தச் சாமான் வந்து எறங்கினாலும் சுங்க அட்டவணையில அதுக்குன்னு ஒரு நம்பர் உண்டு. மெஷினுக்கு ஊத்துற எண்ணெயில, எடைக்கு எழுபது சதவீதமோ அதுக்கு மேலயோ பெட்ரோலிய எண்ணெயா இருந்தா இருபத்தேழு பத்து. எழுபதுக்குக் கொறஞ்சு, மிச்சம் வேற மருந்துங்க கலந்திருந்தா முப்பத்திநாலு பூஜ்யம் மூணு. விதிப்படி அவ்வளவுதான்.

— எங்க ஏஜெண்டு முப்பத்திநாலுன்னுதான் போட்டாரு. எண்ணெய் அனுப்புன கொரியாக்காரன் குடுத்த தாள்ல அறுபத்தஞ்சுலேருந்து எழுபதுக்குள்ளன்னு இருந்துச்சு, அதைப் பாத்துப் போட்டாரு. நாங்க எதையும் மறைக்கல.

— மறைச்சீங்கன்னு நான் சொல்லலையே.

— ஹார்பர்ல சொல்றாங்களே. தப்பான நம்பரு போட்டு ஏமாத்தப் பாத்தீங்கன்னு நோட்டீஸு வந்திருக்கு. நாப்பது ட்ரம்மு அய்யா. மார்கழி பொறந்தப்ப வந்து எறங்குனது. தை பாதி ஓடிப்போச்சு, இன்னும் ஹார்பர் கொட்டாயிலயே கெடக்கு.

— கூடுதல் வரி எதுவும் இருந்தா அதைக் கட்டி எடுத்துக்க வழி இருக்குமே.

— அதையும் கேட்டாச்சு. கட்டிடுறோம், வுடுங்கன்னோம். நம்பரு மாறிட்டா அதுக்குன்னு தனியா ஒரு சான்றிதழ் வேணுமாம். அது கம்பெனிக்காரன்தான் குடுக்கணுமாம். அவங்க ஊருக்கு இப்பதான் வருசப் பொறப்பாம், லீவாம். போனை எடுக்கவே ஆளு இல்ல.

— அவன் குடுக்காம ஒண்ணும் ஆகாதுதான்.

— அந்தச் சுங்க லேப்புல முப்பது வருசம் குப்பி கழுவுனவன்னு நீங்களே சொல்லுவீங்க. அதான் ஒரத்தநாட்டுலேருந்து பஸ் ஏறி வந்துட்டேன். எங்க மாமனார் காலத்துலேருந்து உங்க நெலத்தைச் சாகுபடி பண்றோம். ஒரு நாளு ஒரு ஒத்தாசைன்னு உங்க வாசல்ல வந்து நின்னிருக்கமா?

— இல்லம்மா. நீங்க நிக்கல. அதுவரைக்கும் இங்க கெடைக்கிற எண்ணெயை ஊத்தி ஓட்டக் கூடாதா?

— ஐப்பசியில ஓட்டிப் பாத்தோம். குறுவை அறுப்புக்கு. டப்பா மேல லேபிளெல்லாம் அச்சு அசலா கம்பெனி லேபிளு. உள்ள என்னத்தை ஊத்தி வச்சிருந்தானோ. மூணே நாளு. சேத்துல எறங்குற அறுப்பு மெஷினு, பெல்ட் வண்டி ரெண்டுக்கும் பம்பு போச்சு. ஒரு வண்டி நடுச்சேத்துல நின்னுபோச்சுன்னு வேம்பு எறங்கிக் குழாயைக் கழட்டினான். கொதிக்கிற எண்ணெய் பீச்சி அடிச்சு முழங்கை வரைக்கும் தோலு உரிஞ்சிட்டுது.

— வேம்புவா? அந்த உசரமான பையனா, வண்டி ஓட்டுவானே?

— பையனென்ன, ரெண்டு புள்ளைக்குத் தகப்பன். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில இருபது நாளு கெடந்தான். இன்னமும் அந்தக் கையால சோத்தைப் பெசைய முடியல. பொண்டாட்டி ஊட்டி வுடுறா. என் கண்ணு முன்னாடி உக்காந்து திங்க மாட்டான், வெக்கப்பட்டுக்கிட்டுத் திரும்பிக்குவான்.

— அதான் வெளிநாட்டுலேருந்து.

— அதான். வண்டி வச்சிருக்கிற அஞ்சு குடும்பமும் சேந்து பேசுனோம். எவன்கிட்டயும் போயி ஏமாற வேணாம், வண்டி செஞ்சவன்கிட்டயே எண்ணெயும் வாங்கிடுவோம்னு. மஸ்கட்டுலேருந்து எங்க வீட்டுக்காரரு வேணாம் வேணாம்னு தலையால அடிச்சிக்கிட்டாரு. கப்பல்ல வர்ற சரக்கு நம்மளுக்கு ஒத்து வராது கலைன்னாரு. நான்தான் கேக்கல. எல்லாம் முறையா பண்ணுனா யாரு என்ன பண்ணிடுவாங்கன்னு நெனச்சேன்.

— லேப் ரிப்போர்ட்டு கையில இருக்கா?

— ஏஜெண்டு வாட்ஸாப்புல அனுப்புனாரு, பிரிண்ட் எடுத்தாந்திருக்கேன். இந்தாங்க. கண்ணாடி அங்க மாதா படத்துக்கிட்ட இருக்கு, எடுத்துத் தரட்டுமா?

— குடு. எங்க... எழுபது புள்ளி மூணு.

— புள்ளி மூணு அய்யா. முழுசா ஒரு நம்பரு கூட இல்ல.

— சோதிச்ச தேதி... டிசம்பர் இருபத்தொம்போது.

— ஆமா. ஏன்யா?

— ஒண்ணுமில்ல.

— மொகம் ஒரு மாதிரி ஆயிட்டுதே. தண்ணி கொண்டாரவா?

— வேணாம். வெயிலு, அதான்.

— வெயிலு எங்க இருக்கு? காலையிலேருந்து மேகம் மூடிக்கிட்டு நிக்குது. சொல்லுங்க, அந்தக் கணக்குல முன்னபின்ன வருமா?

— வரும். கண்ணாடிக் குழாய்ல ஊத்தி, பிரிச்செடுத்து, ஆவியாக்கி, மிஞ்சுறதை நிறுக்கிறது. ஒரே குப்பியிலேருந்து ரெண்டு தடவை எடுத்தாக்கூட ரெண்டும் ஒண்ணா வராது.

— அப்ப எழுபது புள்ளி மூணுங்கிறது அறுபத்தொம்போதாவும் இருக்கலாம்.

— இருக்கலாம்.

— இதை நீங்க ஒரு போன் போட்டுச் சொல்லக் கூடாதா? உங்க பொண்ணு ஆஷ்லின் பாப்பா அந்த லேப்புலதானே வேலை பாக்குது?

— பாக்குறா.

— தப்பா எதையும் செய்யச் சொல்லல அய்யா. சத்தியமா. இன்னொரு தடவை நிறுத்துப் பாக்கட்டும். வர்றது வரட்டும், எழுபத்தஞ்சே வந்தாலும் நான் வாயைத் தொறக்க மாட்டேன்.

— கையெழுத்துப் போட்டு வெளிய போன ரிப்போர்ட்டை அவளால தொட முடியாதும்மா. மறுசோதனை வேணும்னா நீங்க எழுதிக் குடுக்கணும், ஹார்பர் ஆபீசர் ஒத்துக்கணும், அப்புறம் வேற ஊரு லேப்புக்குப் போகும்.

— எழுதிக் குடுத்தாச்சு, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளே. எத்தனை நாளாகும்?

— விதிப்படி, ஆபீசர் ஒத்துக்கிட்ட நாள்லேருந்து மூணு வாரம். முன்னபின்ன ஆகும்.

— மூணு வாரம் கழிச்சு எதை அறுக்கிறது? கதிரு முத்தித் தொங்குது. ஒரு நிமிஷம் இருங்க, தங்கையன் கூப்புடுறான், ஊருல எங்க கொட்டாயில வண்டியைப் பாத்துக்கிறவன். சொல்லு தங்கையா... எப்பலேருந்து?... காத்தோடயா?... வடிகாலை வெட்டி வுடச் சொல்லு... கெழக்கு வயலும் போச்சா?... இல்ல, வேணாம், இடி இடிக்கிது, ஆளுங்களை எறக்காத. வெளியில நிக்காதீங்க. வையி.

— மழையா?

— கொட்டுதாம். காத்து அடிச்ச அடியில நெல்லெல்லாம் பாய் விரிச்ச மாதிரி படுத்துட்டுதாம். உங்க கெழக்கு வயலுதான் மொதல்ல சாஞ்சிருக்கு. டயர் வண்டி சேத்துல எறங்காது. பெல்ட் வண்டி ரெண்டும் பம்பு மாத்தி, எண்ணெய் இல்லாம கொட்டாயில நிக்குது. ரெண்டு நாளு தண்ணியில கெடந்தா கதிருலயே மொளவுட்டுடும். அப்புறம் அரசாங்கக் கொள்மொதல்ல அதைத் தொட்டுக்கூடப் பாக்க மாட்டாங்க.

— கையறுப்புக்கு ஆளு கெடைக்காதா?

— ஊரே ஒரே நேரத்துல ஆளு தேடும். கெடைக்கிற ஆளுங்களும் வயசானவங்கதான். இடுப்பளவு சேத்துல எத்தனை குழி அறுப்பாங்க?

— ஆமா.

— நான் வந்து உங்களைப் போட்டுப் படுத்துறேன். நீங்க மட்டும் என்ன பண்ணுவீங்க, வேலையை வுட்டு வந்து எத்தனை வருசம் ஆச்சு. அந்தப் பாப்பாவையும் சங்கடப்படுத்த வேணாம், நான் கேட்டேன்னு சொல்லாதீங்க. கெளம்புறேன். பஸ்ஸு நின்னுபோறதுக்குள்ள போயிச் சேரணும்.

— உக்காரும்மா.

— இல்லய்யா, மழை வலுத்துட்டா...

— உக்காரு. இந்தத் தாள்ல கீழ கையெழுத்து இருக்கே, பாத்தியா?

— பாத்தேன். நகல்ல கிறுக்கலாத்தான் தெரியுது. யாரோ ஆபீசரு.

— ஆஷ்லின்.

— பாப்பாவா போட்டுது?

— குப்பியில நம்பர் மட்டும்தான் ஒட்டி வரும். யாரு சரக்கு, எந்த ஊருக்குப் போகுது, ஒண்ணும் அவளுக்குத் தெரியாது.

— தெரியாமத்தானே போட்டிருக்கும். அது மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லய்யா. அது தொழிலு. கண்ணுல பட்டதை எழுதியிருக்கு.

— சோதிச்ச அன்னிக்கு மத்தியானம் எனக்குப் போன் பண்ணினா. கிறிஸ்மஸுக்கு வந்துட்டுத் திரும்பிப் போன மறுநாளு. அப்பா, ஒரு எண்ணெயை ரெண்டு தடவை பாத்தேன், ஒண்ணு அறுபத்தொம்போது புள்ளி ஆறு வருது, ஒண்ணு எழுபது புள்ளி மூணு வருதுன்னா.

— ரெண்டையும் கூட்டி வகுத்தா?

— எழுபதுக்கு ஒரு நூலு கொறச்சல். விதிப்படி அதைத்தான் எழுதணும். அவளும் அதைத்தான் எழுதி வச்சிருந்தா. சரிதானேப்பான்னு கேக்கத்தான் கூப்பிட்டா.

— அப்புறம் ஏன்யா எழுபது புள்ளி மூணு?

— வேலையில சேந்து ஒரு வருசம் ஆகாத பொண்ணும்மா. எழுபதுக்குக் கீழ எழுதினா வியாபாரிக்குச் சாதகம், யார்கிட்ட காசு வாங்கினேன்னு கேப்பாங்க. மேல எழுதினா ஒரு பய கேக்க மாட்டான். கொறச்சலா வந்ததைக் கிழிச்சுப் போட்டுட்டு மத்ததுல கையெழுத்தைப் போடும்மான்னு நான்தான் சொன்னேன்.