காலருக்கு அடியில் பச்சை நூல்

மேடையில் அமர்ந்திருக்கும் மீனவர் கூட்டுறவுச் சங்கத் தலைவர் விட்ஸ்கோ அவர்களே, பங்குத்தந்தை தோமா அவர்களே, முன்வரிசையில் கறுப்பு உடுத்தி அமர்ந்திருக்கும் கேப்டனின் மனைவி ஃபூமியா அவர்களே, சுஹா லூகா துறையின் படகுத் தலைவர்களே, உங்கள் வீட்டாரே, வணக்கம்.

நான் நிவெஸ். துறைமுக அலுவலகத்தில் கேப்டன் லோவ்ரே பெரிச்சினுக்கு எதிர் மேசையில் பத்தொன்பது ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவள். மேடையில் பேசிப் பழக்கமில்லை. இரங்கல் கூட்டங்கள் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கையும் கிடையாது. இறந்தவரைப் பற்றி எல்லோரும் நல்லதே சொல்லும் இடத்தில் யார் எதை மறைக்கிறார்கள் என்றுதான் என் கண் தேடும். இன்றும் தேடுகிறது. சுவரோரம் பதினான்கு மலர்வளையங்கள் இருக்கின்றன. அவற்றில் எத்தனை அன்பில் வந்தவை, எத்தனை பயத்தில் வந்தவை?

பதினோரு நாட்களுக்கு முன், செவ்வாய்க்கிழமை, மிர்னா என்ற மீன்பிடிப் படகு தீவின் முனைக்கு அப்பால் மூழ்கியது. படகுத் தலைவர் ரோக்கோவும் அவர் மைத்துனர் துங்கோவும் பிழைத்தார்கள். அன்று விடுப்பில் இருந்த கேப்டன், பழுது பார்க்கும் தளம் வரைக்கும் துணையாகப் போனவர், பிழைக்கவில்லை. திங்கட்கிழமை விசாரணை அறிக்கை கையெழுத்தாகும். அதன் வரைவைப் படித்தேன். ஆறு லைஃப் ஜாக்கெட்டுகள் படகில் இருந்தும் கேப்டன் ஒன்றையும் அணியவில்லை, இது அவருடைய சொந்தக் கவனக்குறைவு என்று அதில் இருக்கிறது.

கவனக்குறைவு! லோவ்ரே பெரிச்சினுக்கு! முப்பத்திரண்டு ஆண்டுகள் இந்தத் துறையின் ஒவ்வொரு படகிலும் ஜாக்கெட் வைக்கும் பெட்டியின் பலகையைத் தூக்கிப் பார்த்த மனிதருக்கா இந்த வார்த்தை?

பெரியவர் என்ற மரியாதையில் நீங்கள் 'பார்பா' என்று கூப்பிட்ட அவருடைய பரிசோதனை உங்களுக்குத் தெரியும். விசிலைக் கையில் எடுத்தால் ஊதிப் பார்ப்பார். ஒரு முறை விசிலிலிருந்து செத்த சிலந்தி அவர் நாக்கில் வந்து விழுந்தது. துப்பிவிட்டு, "இவன்தான் உங்க படகுல கடைசியா உதவிக்குக் கூப்பிட்டவன்" என்றார். முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் சீட்டுக்கட்டும் பிராந்தியும் இருக்கும். "பஞ்சு எங்கடா?" என்பார். "பிராந்தி இருக்கே பார்பா, காயத்துக்கு நல்லது" என்று பதில் வரும். "காயம் எங்க, தொண்டையிலயா?" தீயணைப்பானைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருப்பீர்கள். மிதவை வளையம் உணவுவிடுதிச் சுவரில் அழகாகத் தொங்கும். அபாயத்தில் விட வேண்டிய சிவப்பு வாணங்கள் கல்யாணத்தில் மேலே போயிருக்கும். எல்லாவற்றையும் அவர் பார்த்தார், எழுதினார், திரும்பி வந்து மறுபடி பார்த்தார்.

கடைசியில் ஒன்று செய்வார். படகில் இருக்கும் அத்தனை பேர் கையிலும் ஒரு லைஃப் ஜாக்கெட்டைக் கொடுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஒரு நிமிஷம். கட்டு" என்பார். அறுபது வரைக்கும் சத்தமாக எண்ணுவார். அதற்குள் கட்டி முடிக்காதவருக்கு அன்று சான்றிதழ் கிடையாது. சங்கத் தலைவர் அவர்களே, உங்களுக்கே இரண்டு முறை கிடைக்கவில்லை.

இத்தனையும் தெரிந்தும் நான் அவரைச் சந்தேகப்பட்டேன். இதை அவர் மனைவியின் முன்னால்தான் சொல்ல வேண்டும்.

இந்தத் துறையில் 'விருந்தாளி' என்றால் என்ன பொருள் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். பரிசோதனை நாளில் ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குப் போய், பரிசோதனை முடிந்ததும் வீடு திரும்பும் லைஃப் ஜாக்கெட்தான் விருந்தாளி. ஜாக்கெட் மேல் படகின் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நீங்கள் பெயரைத் துணிப்பட்டையில் எழுதி, வெல்க்ரோ வைத்து ஒட்டினீர்கள். பட்டை படகிலேயே இருக்கும், ஜாக்கெட் ஊர் சுற்றும். நான் ரியேகாவில் கப்பல் பொறியியல் படித்தவள். இவ்வளவு எளிய ஏற்பாட்டை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை!

கேப்டனுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் ஏன் பேசாமல் இருக்கிறார்? காலையில் உங்களோடு காப்பி குடிக்கிறார், மத்தியானம் உங்களுக்குக் கையெழுத்துப் போடுகிறார். மீன் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறாரா? பல ஆண்டுகள் எதிர் மேசையில் உட்கார்ந்து இப்படித்தான் நினைத்தேன். ஒரு நாள் நேராகவே கேட்டேன். "நீ மூக்கை நம்பு நிவெஸ், பட்டையை நம்பாதே" என்று மட்டும் சொன்னார். மழுப்புகிறார் என்று நினைத்தேன்.

அடக்கத்துக்கு மூன்றாம் நாள் ஃபூமியா அவர்கள் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, ஒரு பிஸ்கட் டின்னை மேசையில் வைத்தார்.

"முப்பது வருஷமா என் நூலைத் திருடினார் அந்த மனுஷன். எதுக்குன்னு கேட்டா சிரிப்பார். படிச்சவ நீ, நீயாவது சொல்லு."

டின்னைத் திறந்தேன். பதினான்கு நூல்கண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு காகிதத் துண்டு, அதில் ஒரு படகின் பெயர். லாஸ்தா மஞ்சள். மிர்னா பச்சை. மேலே ஒரு ஊசி, அவருடைய பழைய மூக்குக்கண்ணாடி.

"தையல் வேலை பார்த்தாரா? சட்டையில பட்டன் போனாக்கூட நான்தானே தைக்கணும்!" என்றார் ஃபூமியா. சிரிக்கத் தொடங்கினார், பிறகு அது சிரிப்பாக இல்லை.

நண்பர்களே, படகுக்கொரு நிறம்; படகில் அவர் கையில் எடுத்த துணி ஜாக்கெட் ஒன்றுதான். மறுநாள் காலை நான் படித்துறைக்குப் போனேன். முதலில் ஏறியது லாஸ்தாவில். கோடையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் படகு அது. பன்னிரண்டு ஜாக்கெட்டுகள். ஒவ்வொன்றின் காலரையும் புரட்டினேன். எட்டில் மஞ்சள் நூல், நான்கில் பச்சை. காலருக்கு அடியில் நகத்தின் நீளத்துக்கு ஒரு தையல். அவர் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை, கண்ணை மூடவும் இல்லை. எந்த ஜாக்கெட்டுக்கு எந்தப் படகு வீடு என்று ஊசியால் எழுதி வைத்தார்.

என்னை எப்போதும் 'ஷ்யோரா', அம்மணி, என்று கூப்பிடும் லாஸ்தாவின் தலைவர் பாவ்லே என் பக்கத்தில் நின்றிருந்தார். அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

"திருப்பிக் கொடுக்கலாம்னுதான் இருந்தேன் ஷ்யோரா. எங்க கொண்டுபோய்க் கொடுக்கிறது? படகே இல்லையே" என்றார்.

ஆறில் நான்கு லாஸ்தாவில். அப்படியானால் மிர்னாவில் எத்தனை? இரண்டு! போனவர்கள் எத்தனை பேர்? மூன்று! ஆறு இருந்தன என்று எழுதிய காகிதம் பொய் சொல்கிறது.

அந்தப் பொய்யில் யாருடைய கை இருக்கிறது என்று நீங்கள் ரோக்கோவைத் திரும்பிப் பார்க்கிறீர்கள். வேண்டாம். முதலில் என்னைப் பாருங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு லாஸ்தாவைப் பரிசோதித்தது யார்? நான். அந்தப் பன்னிரண்டு ஜாக்கெட்டுகளையும் கையில் எடுத்தது யார்? நான். குளிர்காலம் முழுக்கக் கட்டிப்போட்டிருந்த சுற்றுலாப் படகு அது. நான்கு ஜாக்கெட்டுகளில் மத்தி மீன் வாடை அடித்தது. என் மூக்குக்கு எட்டியது. கேட்கவும் கேட்டேன்.

"என்ன பாவ்லே, உங்க பயணிகள் மத்தி பிடிக்கப் போனாங்களா?"

"இந்தத் தீவுல எதுதான் மீன் வாடை அடிக்கல ஷ்யோரா? எங்க சாமியார் அங்கியை மோந்து பாருங்க!"

சிரித்தேன். தோமா தந்தையே, மன்னிக்க வேண்டும், சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். எல்லோரையும் சந்தேகப்படும் நிவெஸ், கேப்டனைக்கூடச் சந்தேகப்பட்ட நிவெஸ், சந்தேகப்பட்டே ஆகவேண்டிய ஒரே நிமிடத்தில் பட்டையைப் பார்த்துவிட்டு மூக்கை மறந்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து மிர்னா கயிற்றை அவிழ்த்தது.

படகில் என்ன நடந்தது? துங்கோ அதை ஃபூமியா அவர்களின் சமையலறையில் சொன்னார், இங்கே சொல்லவும் அனுமதி தந்தார். கேப்டன் ஏறியதும் வழக்கம்போலப் பலகையைத் தூக்கிப் பார்த்தாராம்.

"மீதி எங்கடா?"

"விருந்துக்குப் போயிருக்கு பார்பா. முனையைத் தாண்டினா வந்துடும் தளம், அரை மணி நேரம்."

கேப்டன் பலகையை மூடிவிட்டு உட்கார்ந்தார்.

ஏன் உட்கார்ந்தார்? ஏன் இறங்கவில்லை? எனக்குத் தெரியாது. அவரைப் புனிதராக்க நான் வரவில்லை. அவருடைய சொந்த ஜாக்கெட் என் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது, இன்றும் தொங்குகிறது. விடுப்பு நாள்தானே, முனையைத் தாண்டினால் வந்துவிடும் என்று அவரும் ஒரு முறை நினைத்திருப்பார். நம் எல்லோரையும் போல.

முனைக்கு அப்பால் தெற்குக் காற்று. மிதந்து வந்த ஒரு மரக்கட்டை படகின் அடியைக் கிழித்தது. உயிர்காப்பு மிதவையின் பெட்டி கடலில் விழுந்தது, திறக்கவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது கேப்டன் பலகையைத் தூக்கி அந்த இரண்டு ஜாக்கெட்டுகளையும் எடுத்தார். ஒன்றை ரோக்கோவிடம் எறிந்தார், ஒன்றைத் துங்கோவிடம். துங்கோ வாங்க மறுத்தார்.

"நீங்க போடுங்க பார்பா, நான் நல்லா நீந்துவேன்!"

"உனக்குத் தளத்துலதான் சான்றிதழ் தரணும்னு இருந்தேன், இங்கயே தர்றேன். ஒரு நிமிஷம். கட்டு."

சொல்லிவிட்டு எண்ணத் தொடங்கினாராம். படகு சாய்கிறது, அவர் எண்ணுகிறார். நாற்பத்திரண்டில் நிறுத்தி, "கொக்கி தப்பா மாட்டியிருக்கே, கழட்டி மாட்டு" என்றார். பிறகு நாற்பத்து மூன்று. பையிலிருந்த தன் சொந்த வாணத்தை மேலே விட்டார். அதைப் பார்த்துத்தான் பயணிகள் கப்பல் திரும்பி வந்தது. ஐம்பத்தெட்டு வரைக்கும் காதில் கேட்டது என்கிறார் துங்கோ.

இதுவா கவனக்குறைவு? சொல்லுங்கள், இதுவா?

ரோக்கோ, மூன்றாவது வரிசையில் நீங்கள் தலை குனிந்து இருப்பது எனக்குத் தெரிகிறது. படகு போனது, காப்பீடும் போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் சொன்ன ஆறு என்ற எண்ணால் ஒரு மனிதரின் பெயர் போகிறது. உங்கள் வாக்குமூலத்தைத் திருத்தத் திங்கட்கிழமை ஒன்பது மணி வரைக்கும் நேரம் இருக்கிறது. நான் எட்டு மணிக்கே அங்கே இருப்பேன். நான்கு ஜாக்கெட்டுகளோடும், நூல் டின்னோடும், செவ்வாய்க்கிழமை நான் போட்ட கையெழுத்தோடும். குற்றப் பட்டியலில் என் பெயர் முதலில் இருக்கும். உங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள நான் வரவில்லை.

தலைவர் விட்ஸ்கோ அவர்களே, தங்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லாப் படகுகளையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், கயிறு அவிழ்த்துக் கடலில் நிறுத்திப் பரிசோதிக்க வேண்டும் என்று கேப்டன் மூன்று முறை கடிதம் எழுதினார். கடலில் நின்றால் விருந்தாளி எப்படி வருவார்? மூன்று முறையும் சங்கம் 'நடைமுறைக்கு ஒத்துவராது' என்று பதில் அனுப்பியது. நடைமுறை எது என்று இப்போது நமக்குத் தெரியும்.

அவருடைய பணியைத் தொடர்வோம் என்று இந்த மாதிரிக் கூட்டங்களில் எல்லோரும் சொல்வார்கள். அந்த வார்த்தையை நான் நம்புவதில்லை, ஆகவே நேரத்தைச் சொல்கிறேன். நாளை ஞாயிறு, திருப்பலிக்கு முன், காலை ஏழு மணி. பதின்மூன்று படகுகளும் துறைக்கு வெளியே, ஒன்றுக்கொன்று கை எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும். நான் அலுவலகப் படகில் வருவேன். பட்டையைப் பார்க்க மாட்டேன், காலரைப் புரட்டுவேன். மோந்தும் பார்ப்பேன். மேலிடத்தில் அனுமதி வாங்கினாயா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: திங்கட்கிழமைக்குப் பிறகு எனக்கு வேலை இருக்குமா என்றே தெரியாது. நாளைக்கு இருக்கிறது. அது போதும்.

இப்போது வழக்கப்படி மௌனம். எல்லோரும் எழுந்து நில்லுங்கள். இது கேப்டனின் கைக்கடிகாரம், ஃபூமியா அவர்கள் தந்தது. உப்புத் தண்ணீரில் கிடந்தும் ஓடுகிறது. அறுபது விநாடி. கண்ணை மூடி அவருக்காக வேண்டுபவர்கள் வேண்டலாம். மற்றவர்கள், உங்கள் படகின் ஜாக்கெட்டுகள் இந்த விநாடியில் எந்தப் பலகைக்கு அடியில் கிடக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். நிமிடம் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராகப் படித்துறைக்குப் போகிறவர்களை நான் எதுவும் கேட்க மாட்டேன்.

நான் எண்ண மாட்டேன். நமக்காக அவர் ஐம்பத்தெட்டு வரைக்கும் எண்ணிவிட்டார்.

ஒரு நிமிஷம். கட்டுங்கள்.