பாகில் தோய்த்த அன்னங்கள்

இன்ஷிராஹ்: அந்த கிளாஸ்ல குடிக்காதீங்க!

ஷௌக்கி: ஏன்? இப்பதானே ஊத்துன...

இன்ஷிராஹ்: உள்ள பாருங்க.

ஷௌக்கி: தேயிலை மிதக்குது.

இன்ஷிராஹ்: தேயிலைக்கு மீசை இருக்குமா?

ஷௌக்கி: ...யா அல்லா. காலங்காத்தாலயே.

இன்ஷிராஹ்: கொட்டுங்க. வேற போட்டுத் தரேன்.

ஷௌக்கி: வேணாம், விடு. கெட்டில் மூக்குக்குள்ள எத்தனை குடும்பம் நடத்துதோ. அலெக்சாந்திரியா பூரா ட்ராம் ஓட்டுனவன் நான், கூட்டம்னா பயமில்ல. ஆனா டிக்கெட் எடுக்காத கூட்டத்த இங்கதான் பாக்குறேன்.

இன்ஷிராஹ்: உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. நேத்து ரொட்டி மேல மூடுன துணியத் தூக்குறேன்... அப்படியே நாலாபக்கமும் ஓடுது. நின்ன இடத்துல உக்காந்து அழுதேன். வீடா இது?

ஷௌக்கி: இன்னையோட முடிஞ்சிரும். மேல் மாடில மருந்தடிக்க ஆரம்பிச்சாச்சு, சத்தம் கேக்குதா?

இன்ஷிராஹ்: போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க. நீங்களே ஸ்ப்ரேய வாங்கிட்டு வந்து அடிச்சீங்க. பால்கனியிலேர்ந்து வரும்போது கண்ணு ரெண்டும் ரத்தமாட்டம் செவந்து போயி... அன்னைக்கு பூரா கண்ணுல தண்ணி நிக்கலியே. பூச்சி செத்துச்சா? நீங்கதான் செத்துப் பொழச்சீங்க.

ஷௌக்கி: ...மருந்து ரொம்பக் காரம்.

இன்ஷிராஹ்: நோன்பு மாசத்துல பத்து ஏழைங்களக் கூட்டி வெச்சு வயிறார சாப்பாடு போட்டீங்க. கேட்டா, பூச்சி போகணும்னு நேர்ச்சைன்னீங்க. போச்சா?

ஷௌக்கி: போகல.

இன்ஷிராஹ்: சாப்பாடு போட்டது மனுஷங்களுக்கு, செய்தி போனது பூச்சிக்கு போல. சொந்தக்காரங்களையும் கூட்டிட்டு வந்துருச்சு.

ஷௌக்கி: இந்த தடவ எல்லா வீட்டுலயும் ஒரே நாள்ல அடிக்கிறாங்க, அதான் நம்பிக்கை. மேல அடிச்சா கீழ ஓடுச்சு, கீழ அடிச்சா குழாய் வழியா மேல ஏறுச்சு. இன்னைக்கு அதுக்குப் போக்கிடமே இருக்காது. எல்லா ரூமும் தொறந்து வெச்சா போதும்.

இன்ஷிராஹ்: எல்லா ரூமுமா?

ஷௌக்கி: எல்லா ரூமும், உம்மு ரிஹாப். நம்ம மக ரூமும் சேத்துதான்.

இன்ஷிராஹ்: ரிஹாப் ரூம்ல ஒண்ணும் இல்ல. அங்க சமையலா நடக்குது?

ஷௌக்கி: தொறந்து பாத்தியா?

இன்ஷிராஹ்: நான் எதுக்குத் தொறக்கணும்? அது அவளோட சீர். கட்டி வெச்சது வெச்சபடி, அவ கல்யாணத்துக்கு லாரில ஏத்தும்போதுதான் அந்தக் கதவு தொறக்கும்.

ஷௌக்கி: ம்...

இன்ஷிராஹ்: என்ன 'ம்'?

நஃபீஸா: உம்மு ரிஹாப்! அடியே இன்ஷிராஹ்! கதவைத் தொற!

ஷௌக்கி: கீழ் வீட்டு நஃபீஸா. போச்சு.

இன்ஷிராஹ்: வாங்க நஃபீஸா, வாங்க. பாத்து, செருப்பக் கழட்டாதீங்க, எதையாச்சும் மிதிச்சிருவீங்க.

நஃபீஸா: நான் உக்கார வரல. வீட்டு ஓனர் மித்ஹத் படிக்கட்டுல நாற்காலி போட்டு உக்காந்திருக்கான். வக்கீலையும் பக்கத்துல வெச்சிருக்கான். எந்த வீட்டுல ரூம் பூட்டியிருக்கோ, அவங்களாலதான் பில்டிங்கே நாறுதுன்னு கோர்ட்டுக்குப் போவானாம்.

ஷௌக்கி: பழைய வாடகைக்காரங்களக் கெளப்ப அவனுக்கு ஒரு சாக்கு வேணும். கரப்பானே அவன்தான்.

நஃபீஸா: அவனக் குத்தம் சொல்லாதீங்க ஹாஜி, சாக்கு உங்க வீட்டுலதான் இருக்கு. என் வீட்டுப் பூச்சி பட்டினில நடக்க முடியாம நடக்குது. உங்க வீட்டுலேர்ந்து இறங்கி வருது பாருங்க... பேரீச்சம்பழமாட்டம், பளபளன்னு! அப்படி என்னதான் போடுறீங்க அதுங்களுக்கு?

இன்ஷிராஹ்: என் வீடு சுத்தமா இருக்கு நஃபீஸா. ராத்திரி ஒரு ரொட்டித்துண்டு வெளிய விடமாட்டேன்.

நஃபீஸா: அப்ப அந்தப் பூட்டுன ரூம்தான். கோவிச்சுக்காதே, நான் உன் நல்லதுக்குச் சொல்றேன். ஆமா, உன் மக எப்ப வரா குவைத்துலேர்ந்து?

இன்ஷிராஹ்: லீவு கெடச்சதும்...

ஷௌக்கி: அடுத்த நோன்புக்கு...

நஃபீஸா: ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க.

ஷௌக்கி: ...லீவு, நோன்புக்குத்தான் கெடைக்கும்.

நஃபீஸா: என்னமோ. மூணாவது மாடி முடிஞ்சதும் உங்க வீடுதான். நான் போய் என் பாத்திரத்தெல்லாம் மூடுறேன்.

ஷௌக்கி: போயிட்டா... சாவியக் குடு.

இன்ஷிராஹ்: சாவியக் காணோம்.

ஷௌக்கி: உன் கழுத்துல தொங்குது.

இன்ஷிராஹ்: அவ அஞ்சு வயசுலேர்ந்து சேத்ததுங்க. வளையல் வாங்காம, நல்ல துணி எடுக்காம, ஒரு தட்டு, ஒரு விரிப்புன்னு... அது மேல விஷத்த அடிக்கச் சொல்றீங்களா?

ஷௌக்கி: தூக்கியே போட்டுருவோம்.

இன்ஷிராஹ்: என்னது?

ஷௌக்கி: இல்ல... பூச்சி புகுந்ததை மட்டும்...

இன்ஷிராஹ்: தூக்கிப் போடுவீங்க. ஏன் போடமாட்டீங்க? அன்னைக்கு உங்க வாயக் கொஞ்சம் மூடியிருந்தா, எப்பவோ இந்த ரூம் காலியாகி அவ வீட்டு அலமாரி நெறஞ்சிருக்கும்.

ஷௌக்கி: அந்த மஹ்ரூஸுக்கு வீடே இல்ல. வீடில்லாதவனுக்கு யாராவது பொண்ணு குடுப்பாங்களா? எங்க கொண்டுபோய் வெப்பான் இவள, கடற்கரை பெஞ்சுலயா?

இன்ஷிராஹ்: குடுக்கமாட்டேன்னு சொல்லிட்டு விட்டிருக்கலாமே. 'ரிஹாப் அவனைக் கட்டிக்கிட்டா, அவ அம்மாவுக்குத் தலாக்'னு பால்கனில நின்னு தெருவே கேக்கச் சத்தியம் பண்ணீங்க. அவ ஆசப்பட்டதுக்கு என் கழுத்துல கத்தி!

ஷௌக்கி: கோவத்துல சொன்னது, இன்ஷிராஹ்.

இன்ஷிராஹ்: கோவம் உங்களோடது, அந்த வார்த்த விழுறது என் தலையில.

ஷௌக்கி: நோன்புலேர்ந்து சோஃபாலதான் படுக்குற. அந்தக் கோவமா?

இன்ஷிராஹ்: கட்டில்ல பூச்சி ஏறுது. சொன்னேனே.

ஷௌக்கி: சோஃபாலயும்தான் ஏறுது.

இன்ஷிராஹ்: ...சோஃபால கம்மி.

ஷௌக்கி: சாவிய எடு. அந்த மித்ஹத் படிக்கட்டுலயே உக்காந்திருக்கான். இந்த வயசுல வீட்டை விட்டுத் தொரத்துனா எங்க போவோம்? இந்த வாடகைக்கு நாய் படுக்க இடம் குடுக்கமாட்டாங்க.

இன்ஷிராஹ்: நான் மட்டும் உள்ள போறேன். நீங்க வெளிய நில்லுங்க.

ஷௌக்கி: ஏன், எனக்கு மகளில்லையா அவ?

இன்ஷிராஹ்: அபூ ரிஹாப்... கேளுங்க... கொஞ்சம் பொறுங்க...

ஷௌக்கி: தொற.

இன்ஷிராஹ்: தொறந்துட்டேன், போங்க.

ஷௌக்கி: லைட்டப் போடு.

இன்ஷிராஹ்: அல்லாவே! சுவரு... சுவரே நகருது!

ஷௌக்கி: பின்னால வா! வாய மூடிக்க, வாய மூடிக்க...

இன்ஷிராஹ்: என் பெட்டிங்க... என் பெட்டிங்க மேல பூரா...

ஷௌக்கி: எல்லாம் மளிகைக்கடைலேர்ந்து வாங்கிட்டு வந்த அட்டைப்பெட்டி. அட்டைக்குள்ளதான் முட்டை விடுமாம், மருந்துக்காரன் சொன்னான். அந்தத் தொடப்பத்தக் குடு.

இன்ஷிராஹ்: அதைத் தொறங்க. இல்ல, தொறக்காதீங்க... தொறங்க. விரிப்பு இருக்கா பாருங்க.

ஷௌக்கி: இருக்கு... பாதி.

இன்ஷிராஹ்: பாதியா?

ஷௌக்கி: கஞ்சி போட்ட மடிப்பு வரைக்கும் கொறிச்சு வெச்சிருக்கு. இதப் பாக்காத நீ.

இன்ஷிராஹ்: அன்னங்க? நான் பின்னுன அன்னங்க? அலமாரிக் கண்ணாடிக்குள்ள ஜோடி ஜோடியா நிக்கணும்னு...

ஷௌக்கி: ஒண்ணுக்கும் கழுத்து இல்ல.

இன்ஷிராஹ்: நூலயா தின்னும்? நூலப் போய் எதாச்சும் தின்னுமா?

ஷௌக்கி: நூல் இல்ல, இன்ஷிராஹ். சர்க்கரை. நிமிர்ந்து நிக்கணும்னு பாகுல முக்கி முக்கிக் காய வெச்சியே...

இன்ஷிராஹ்: எல்லார் வீட்டுலயும் அப்படித்தான் செய்வாங்க! எங்கம்மா செஞ்சாங்க, நஃபீஸா செஞ்சா. பாகுல போடலேன்னா அன்னம் தலை தொங்கிடும்...

ஷௌக்கி: தெரியும். அழாத.

இன்ஷிராஹ்: ராத்திரி ஒரு ரொட்டித்துண்டு வெளிய விடமாட்டேன்னு பெருமை பேசுனேன். ரூம் பூரா விருந்து வெச்சிருக்கேன். இருபத்தஞ்சு வருஷமா பாகு காச்சுனது மகளுக்குன்னு நெனச்சேன்... இதுங்களுக்குக் காச்சியிருக்கேன்.

ஷௌக்கி: எந்திரி. தரையில உக்காராத. எல்லாத்தையும் ஒரு போர்வைல கட்டி வெளிய எறிஞ்சிருவோம். தட்டு மட்டும் கழுவி வெச்சுக்கலாம்... இது என்ன, பிஸ்கட் டின்?

இன்ஷிராஹ்: அதத் தொடாதீங்க!

ஷௌக்கி: இதுல மட்டும் ஒரு பூச்சி இல்லியே. தகரம்ல, ஏற முடியல...

இன்ஷிராஹ்: அது சும்மா ஊசி, நூலு. குடுங்க இங்க. ஏங்க, உங்களத்தான்... குடுங்க!

ஷௌக்கி: மஞ்ச நூல்... இது அன்னம் இல்லியே.

இன்ஷிராஹ்: மூடி வெச்சிருங்க.

ஷௌக்கி: இன்ஷிராஹ். இது குட்டித் தொப்பி.

இன்ஷிராஹ்: திட்டுங்க. அடிக்கணும்னா அடிங்க. ரிஹாப் அந்த மஹ்ரூஸயே கட்டிக்கிட்டா. போன வருஷமே, குவைத்துலயே நிக்காஹ் ஆயிருச்சு. நோன்புக்கு முன்னால என்கிட்ட மட்டும் சொன்னா. 'அப்பாகிட்ட சொல்லாதீங்கம்மா, அவரோட சத்தியம் உங்கள வீட்ட விட்டு அனுப்பிரும்'னா. நான் என்ன செய்வேன்? வெளிய சொன்னா வீடு போகும், சொல்லாம இருந்தா பாவம். தலாக் ஆன பொம்பள ஒரே கட்டில்ல எப்படி...

ஷௌக்கி: அதான் சோஃபாவா? பூச்சி ஏறுதுன்னு சொன்ன...

இன்ஷிராஹ்: வேற என்னத்தச் சொல்ல?

ஷௌக்கி: பைத்தியக்காரி... எனக்குத் தெரியும்.

இன்ஷிராஹ்: என்ன தெரியும்?

ஷௌக்கி: என்கிட்டயும் சொன்னா. அதே வாரம். 'அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா, இவ்வளவு சீர் சேத்துட்டு நான் வெறுங்கையோட போயிட்டேன்னு தெரிஞ்சா தாங்கமாட்டாங்க'ன்னா. நான் ஓடுனது ஷேக்குகிட்ட. கோவத்துல விட்ட வார்த்த, பத்து ஏழைக்குச் சாப்பாடு போடு, உன் பொண்டாட்டி உன் பொண்டாட்டிதான்னாரு.

இன்ஷிராஹ்: அந்தப் பத்து பேரு...

ஷௌக்கி: பூச்சிக்கு இல்ல. உனக்கு.

இன்ஷிராஹ்: அட நாசமாப் போன மனுஷா! இத்தன மாசமா அந்த ஒடஞ்ச சோஃபால கெடந்து என் இடுப்பு போச்சு!

ஷௌக்கி: சிரிக்கிறியா அழுறியா?

இன்ஷிராஹ்: எனக்கே தெரியல. விடுங்க, எல்லாம் போகட்டும், விரிப்பு போகட்டும், அன்னம் போகட்டும்... அப்ப குழந்தையும் உங்களுக்குத் தெரியும்! சொல்லுங்க! ஹஜ்ஜுப் பெருநாள் கழிச்சுன்னா. இந்நேரம் ஏழாம் நாள் சடங்கே முடிஞ்சிருக்கணும். நம்ம வழக்கப்படி குழந்தையச் சல்லடைல போட்டு ஆட்டுனாங்களா? கண்ணு படாம இருக்க அங்க யாரு உப்பு தூவியிருப்பா? என் போன எடுக்கவே மாட்டேங்குறா. பச்ச ஒடம்புக்காரி, தூங்குறாளோ என்னமோ...

ஷௌக்கி: இன்ஷிராஹ்...

இன்ஷிராஹ்: இதுக்கு மட்டும் பாகு போடல, தெரியுமா? குழந்த வாயில வெச்சுக்குமேன்னு. கைய விட்டுப் பாருங்க, எவ்வளவு மெத்துன்னு.

ஷௌக்கி: பாக்குறேன்.

நஃபீஸா: ஹாஜி! ஆளுங்க உங்க வாசல்ல நிக்கிறாங்க! எல்லா ரூமும் தொறந்தாச்சா?

ஷௌக்கி: தொறந்தாச்சு, நஃபீஸா. ரெண்டு நிமிஷம் நிக்கச் சொல்லுங்க.

இன்ஷிராஹ்: வரச் சொல்லுங்க, வந்து அடிக்கட்டும், எல்லாத்தையும் எறியட்டும். இந்த டின் மட்டும் குவைத்துக்குப் போகணும். யாரு போறாங்கன்னு விசாரிங்க. பையனா பொண்ணா? அதயாவது சொல்லுங்களேன்... ஏன் இப்படி நிக்கிறீங்க? இன்னும் மருந்தே அடிக்கல, அதுக்குள்ள கண்ணு செவக்குது...

ஷௌக்கி: டின்ன மூடும்மா... நான் ஸ்ப்ரே அடிச்ச அன்னைக்கு பால்கனிலயும் மருந்தால செவக்கல. ரிஹாப் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணியிருந்தா. பொண்ணு... பொறக்கும்போதே மூச்சு இல்லியாம். 'அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கப்பா, அவங்க ஏதாச்சும் பின்னிட்டு இருப்பாங்க'ன்னு அழுதா.