மழைப் பயணம்

— ...முறைன்னு ஒண்ணு இருக்கில்லம்மா, அதுக்குத்தான் கூப்பிட்டு அனுப்பினேன். அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இடது பக்கம் வந்து உக்காருங்க.

— பரவாயில்ல டீச்சர், நான் நின்னுக்கிட்டே...

— இல்ல இல்ல, உக்காருங்க. ஆங், இப்படி. அந்த ஜன்னலையும் சாத்திடுங்க. மழை வந்தா சைக்கிள் ஷெட் தகரம் யாரையும் பேச விடாது.

— சாத்திட்டேன். திடல் பூரா தண்ணி. கொடிக்கம்பம் தண்ணிக்குள்ள தலைகீழா நிக்குது, மெதுவா ஆடுது. பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு டீச்சர்.

— பொண்ணு மாதிரியே பேசுறீங்க. கணக்குப் போடச் சொன்னா அவளும் அந்தக் கம்பத்தைத்தான் பாத்துக்கிட்டு இருப்பா.

— நாலாம் வகுப்பு, கடைசி பெஞ்சு, ஜன்னல் ஓரம். வேற எதைப் பாப்பா?

— பாருங்கம்மா, நான் சண்டைக்கு வரலை. இந்தத் தலைமை ஆசிரியை நாற்காலிக்கு வந்து எட்டு வருஷம், அதுக்கு முன்னாடி வகுப்புல இருபத்திரெண்டு வருஷம். கெட்ட பிள்ளை எது, நல்ல பிள்ளை எதுன்னு எனக்குத் தெரியும். உங்க பொண்ணு கெட்ட பொண்ணு இல்ல. கனவு காணுற பொண்ணு. வகுப்பு டீச்சர் தினமும் குறிச்சு வச்சிருக்காங்க, பாருங்க. திங்கள், கனவு. செவ்வாய், கனவு. புதன், மூணு தடவை கூப்பிட்டும் பதில் இல்லை. வியாழன், மறுபடியும் கனவு.

— வெள்ளிக்கிழமை?

— வெள்ளிக்கிழமை வரலை.

— வலது காதுல சீழ், டீச்சர். ரெண்டு வருஷமா வருது, போகுது. லீவ் லெட்டர்ல எழுதியிருந்தேன். காதுங்கிற வார்த்தைக்குக் கீழ ரெண்டு கோடு வேற போட்டிருந்தேன்.

— ஃபைல்ல இருக்கும்.

— ஃபைல்ல இருக்கும், சரிதான். ஜன்னல் அவளுக்கு இடது பக்கம். நல்ல காதுக்கு மழை, கெட்ட காதுக்குப் பாடம். அப்படித்தான் உக்கார வச்சிருக்கீங்க.

— பெஞ்சு உயரத்தை வச்சுப் போடுறதும்மா. அவ கொஞ்சம் நெட்டை. சரி, அதை விடுங்க. இந்தாங்க, இதைப் படிச்சுட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க. டைப் அடிச்சு ரெடியா வச்சிருக்கேன்.

— 'என் மகள் வகுப்பில் கவனமின்றிக் கனவு காண்பதால், என் சொந்த விருப்பத்தின் பேரில் அவளைத் தனிக் கவனிப்புப் பள்ளிக்கு மாற்றிக்கொள்கிறேன்.' யாரோட சொந்த விருப்பம் டீச்சர்?

— அது வழக்கமா எழுதுற வார்த்தைம்மா. எல்லாருக்கும் அப்படித்தான்.

— நான் பஸ் ஸ்டாண்டுல மைக்ல அறிவிப்பு சொல்றவ. அடுத்தவங்க எழுதிக் குடுத்ததை என் குரல்ல படிக்கிறதுதான் பொழப்பு. ஆனா இது வாயில வர மாட்டேங்குது.

— அட, அது நீங்கதானா? தினமும் கேக்குறேனே. அவ்வளவு இரைச்சல்லேயும் உங்க குரல் மட்டும்தான் எனக்கு முழுசா விழும். ஒரு எழுத்துகூட சிந்தாது.

— எதையும் ரெண்டு தடவை சொல்லிப் பழக்கம், அதான். டீச்சர், அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எந்த பஸ்ஸுன்னு எனக்குத் தெரியும். காலையில அஞ்சே முக்கால். ரெண்டு மணி நேரம் ஓடும். அந்த பஸ்ஸைக் கூப்பிடுறவளே நான்தான். பயணிகள் கவனத்துக்குன்னு ரெண்டு தடவை சொல்லி, என் பிள்ளையை நானே ஏத்தி அனுப்பணும். கண்ணாடிக் கூண்டுக்குள்ள உக்காந்து கை காட்டணும். என்னால முடியாது. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

— அங்க வகுப்புக்குப் பத்துப் பேர்தான்மா. யாரும் எதுவும் துருவ மாட்டாங்க. இங்க நாப்பத்தஞ்சு பிள்ளைங்க.

— இருக்கட்டும். ஆனா அவளுக்குக் காது எவ்வளவு கேக்குதுன்னு இந்தப் பள்ளிக்கூடம் ஒரு தடவையாவது சோதிச்சுதா? சோதிக்காம அனுப்பக் கூடாது டீச்சர். சட்டம் இருக்கு.

— யார் சொல்லிக் குடுத்தா உங்களுக்கு?

— தொலைஞ்ச சாமானெல்லாம் என் கூண்டுக்குத்தான் வரும். குடை, டிபன் பாக்ஸ், ஒத்தைச் செருப்பு. ஒரு நாள் ஒரு சின்னப் புத்தகம் வந்தது. நானும் கடமையா மைக்ல சொன்னேன். 'பள்ளிகளின் கடமைகளும் மாணவர் உரிமைகளும், இதைத் தவறவிட்டவர் உடனே வந்து பெற்றுக்கொள்ளவும்.' மூணு நாள் சொன்னேன். ஒருத்தரும் வரலை.

— நீங்களே எடுத்துக்கிட்டீங்க.

— தவறவிட்டவ நானாத்தானே இருக்கணும்? படிச்சேன். பெத்தவங்க எழுதிக் கேட்டா பள்ளிக்கூடம் பிள்ளையைச் சோதனைக்கு அனுப்பியே ஆகணும். முடிவு வர்ற வரைக்கும் வகுப்பைவிட்டு எங்கேயும் அனுப்பக் கூடாது. முன் பெஞ்சோ காது மிஷினோ, எது தேவையோ அதைப் பள்ளிக்கூடம்தான் செஞ்சு குடுக்கணும். மாட்டோம்னா காரணத்தை எழுத்துல தரணும். கடைசிப் பக்கத்துல படிவம்கூட இருக்கு. கிழிச்சுக் கொண்டுவந்திருக்கேன்.

— சட்டம் எனக்கும் தெரியும்மா. அந்தப் பீரோவுல அதே புத்தகம் நாலு இருக்கு. நான் வேற ஒண்ணு சொல்றேன், கேளுங்க. கனவுன்னு எழுதினா நாளைக்கு அது மாறிடும். காது கேக்காதுன்னு ஒரு தடவை எழுதிட்டா, அது ஆயுசுக்கும் கூடவே வரும். படிப்பு, வேலை, எங்க போனாலும் அவளுக்கு முன்னாடி அது போய் நிக்கும். வெளிய சொல்லாம சமாளிக்கிறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க.

— சமாளிக்கிறவங்க சந்தோஷமா இருக்காங்களா டீச்சர்?

— அது என்ன கையில?

— அவளோட நோட்டு. பாருங்க. கட்டுரை. வகுப்பு டீச்சர் முட்டை போட்டிருக்காங்க. தலைப்புக்கும் எழுதினதுக்கும் சம்பந்தமில்லையாம். நீங்களே படிங்க. சத்தமா.

— 'நான் நேற்று மழை மேல் ஏறினேன். மழையில் படிக்கட்டு கிடையாது. ஒவ்வொரு துளியாகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.' என்ன பிள்ளை இது... 'பாதி வழியில் உட்கார இடம் இல்லை. அதனால் தொங்கிக்கொண்டே இளைப்பாறினேன். மேலே போகப் போகச் சத்தம் குறையும். உச்சியில் ஒரு சத்தமும் இல்லை. அங்கே எல்லோரும் கையால் பேசிக்கொண்டார்கள். யாரும் யாரையும் ஏன் காதில் விழவில்லை என்று...'

— டீச்சர்?

— ஒண்ணுமில்ல. எழுத்து கொஞ்சம் கலங்கலா இருக்கு. '...ஏன் காதில் விழவில்லை என்று திட்டவில்லை. எனக்கு இறங்கவே மனசு வரவில்லை.'

— அவ்வளவுதான் எழுதியிருக்கா.

— மலைப் பயணம்னு தலைப்பு சொல்லியிருப்பாங்க. இவளுக்கு மழைப் பயணம்னு விழுந்திருக்கு. போர்டுல எழுதிப் போடாம வாயால சொன்னா இப்படித்தான் ஆகும். பாதி விழும், மீதியை நாமளே கட்டிக்கணும்.

— உங்களுக்கு உடனே புரிஞ்சுடுச்சு. வகுப்பு டீச்சருக்கு ஒரு வாரமாப் புரியலை.

— சர்வீஸ்தான், வேற என்ன. ஆனாலும் முறைன்னு ஒண்ணு இருக்கில்லம்மா. சொல்ல வேண்டாம்னு பாத்தேன். அவகிட்ட கொஞ்சம் மரியாதைக் குறைவும் இருக்கு. எல்லாப் பிள்ளைங்களும் கூப்பிட்டா மேசைக்கு முன்னாடி நின்னு பேசும். இவ மட்டும் மேசையைச் சுத்திக்கிட்டு வந்து என் நாற்காலியை ஒட்டி நிப்பா. முன்னாடி போய் நில்லுன்னா போவா, அடுத்த தடவை திரும்ப வந்துடுவா. வகுப்பு டீச்சர் அதையும் குறிச்சிருக்காங்க. அடங்காமைன்னு.

— வீட்ல அப்படி இல்லையே. வராந்தாவுலதான் நிக்குறா, அவளையே கேட்டுடுவோம். கண்ணு, உள்ள வா. உள்ள வாடா கண்ணு. செருப்பை அங்கேயே விடு, ஈரம்.

— பாத்தீங்களா, பாத்தீங்களா. எதிர்ல இவ்வளவு இடம் இருக்கு. உங்க முழங்காலைத் தாண்டிக்கிட்டு இந்தப் பக்கமே வர்றா.

— ஏன் கண்ணு, டீச்சருக்கு முன்னாடி நின்னா என்ன? இல்லன்னா அந்தப் பக்கம் நாற்காலி காலியாத்தானே இருக்கு?

— அந்தப் பக்கம் நின்னா பெரிய டீச்சருக்குக் கேக்காதும்மா.

— என்னடி உளர்றே?

— உளறலை. என்னை மாதிரியேதான். எனக்கும் வலது காது, டீச்சருக்கும் வலது காது. யாராவது அந்தப் பக்கத்துலேருந்து கூப்பிட்டா டீச்சர் மொத்தமா திரும்புவாங்க, நான் திரும்புவேன்ல, அது மாதிரி. முன்னாடி நின்னா பிள்ளைங்க மெதுவாப் பேசுவாங்க, டீச்சர் சரி சரின்னு தலையை மட்டும் ஆட்டுவாங்க. அதான் நான் இங்க வந்து சொல்றேன்.

— டீச்சர், மன்னிச்சுக்குங்க. சின்னப் பிள்ளை, ஏதோ...

— அந்த நாற்காலி ஆடவே ஆடாதும்மா. நான் உக்காந்து பாத்திருக்கேன். ஆனா யார்கிட்டேயும் சொல்லலை டீச்சர். நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்னுதான்.

— டீச்சர்? தண்ணி வேணுமா டீச்சர்?

— வேண்டாம்மா. எத்தனை நாளாத் தெரியும் உனக்கு?

— சேந்த அன்னிக்கே.

— முப்பது வருஷமா என்கூட வேலை செய்யிறவங்களுக்குத் தெரியாது. ஆறு வயசுல ஒரு காய்ச்சல்ல போச்சும்மா. எங்கம்மா சொன்னாங்க, வாயைத் திறக்காதே, தெரிஞ்சா பள்ளிக்கூடத்துல வச்சுக்க மாட்டாங்கன்னு. நான் திறக்கலை. அப்புறம் அதுவே பழகிப்போச்சு. எந்த ரூமுக்குப் போனாலும் முதல்ல எந்த நாற்காலின்னுதான் பாப்பேன். பாதிப் பேச்சை நானே கட்டிக்குவேன். அது ஒரு மாதிரி கனவுதான், வகுப்பு டீச்சர் எழுதினது தப்பில்லை.

— இவ்வளவு நாளும் தனியாவேவா டீச்சர்?

— அந்த டைப் அடிச்ச காகிதத்தை இப்படிக் குடுங்க. அந்த 'சொந்த விருப்பம்' என்னோடது. என் பயத்துக்கு உங்க கையெழுத்தைக் கேட்டுட்டேன். நாளையிலேருந்து இவ முதல் பெஞ்சு, சுவர் ஓரம், வலது கோடி. அப்பதான் நல்ல காது வகுப்பைப் பாத்து இருக்கும். தலைப்பெல்லாம் போர்டுல எழுதிப் போடச் சொல்றேன். நெட்டையா இருந்தா இருந்துட்டுப் போறா.

— எழுத்துல தருவீங்களா டீச்சர்? தப்பா நினைக்காதீங்க, புத்தகத்துல அப்படித்தான்...

— தர்றேன். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல. அந்தச் சோதனைப் படிவத்தை எடுங்க, கையோட நிரப்பிடுவோம். உங்க கையெழுத்து நல்லா இருக்கு, நீங்களே எழுதுங்க. ஆஸ்பத்திரிக்கு இன்னிக்கே ஆள் அனுப்புறேன்.

— பள்ளிக்கூடம் பேரு எழுதிட்டேன். தேதி எழுதிட்டேன். இங்க ஒரு கட்டம் இருக்கு டீச்சர், காது சோதனைக்கு அனுப்பப்படுவோர் எண்ணிக்கைன்னு. ஒண்ணுன்னு போட்டுடவா?

— ரெண்டுன்னு போடுங்க.