நடு ஸ்பீக்கர் இல்லாத ரெண்டு மாசம்

சோளக்காட்டில் பஸ் ஏறிய கணவனும் மனைவியும் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். வீட்டு ஹோம் தியேட்டருக்கு சென்டர் ஸ்பீக்கர் வாங்க நாமக்கல் போகிறார்களாம். தூங்கலாம் என்றுதான் நான் கண்ணை மூடியிருந்தேன்.

"படத்துல பேச்செல்லாம் நடு ஸ்பீக்கர்லதான் கண்ணு வரும். இடி உழுந்து அது போனதுல இருந்து நமக்கு மழைச்சத்தமும் பாட்டும்தான். மத்த ஸ்பீக்கர் கம்பெனியிலயே இதையும் வாங்கோணும். இல்லீன்னா கொரல் மாறீரும்."

"கொரல் மாறுனாப் பரவால்லீங்க. கதை மாறாம இருந்தாச் சரி."

என் தூக்கம் போய்விட்டது.

"என்ன கதை?"

"ரெண்டு மாசமா யாரு என்ன பேசறாங்கன்னு நீங்கதான சொல்றீங்க. அந்தப் படத்துல அம்மாக்காரி மகன மன்னிச்சுட்டான்னீங்க. நேத்து எங்கம்மா ஊட்டுல அதே படம் பாத்தனுங்க. 'எம் மொகத்துலயே முழிக்காத'ங்கறா."

"நான் முன்னமே பாத்த படந்தான், தெரியும். நீ அப்பவே அழுதுட்டு இருந்த. அதை எப்படிச் சொல்றது?"

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் மனைவி அவர் பக்கம் திரும்பினாள்.

"ஸ்பீக்கர் பெருசாவே வாங்குங்க."

"சரி."

"அழுவற எடம் வந்தா மட்டும் சத்தத்தக் கொறச்சுட்டு நீங்களே சொல்லுங்க."