கிழிய மறுத்த ஐந்து டொலர்

மணவரவேற்புக்குத் தலைமை தாங்கி மாண்பு சேர்க்கும் பெரியவர் சேஷாத்ரி அவர்களே! மார்கழிக் குளிரை மதியாது மண்டபம் நிறைத்த சான்றோரே! கிழக்கு இலண்டன் பிளேஸ்டோவின் அடுப்புகளுக்கு இன்று ஓய்வு கொடுத்துவிட்டு வந்திருக்கும் தாய்மாரே! மணக்கோலத்தில் மலர்ந்திருக்கும் சிவகௌரி, பெனடிக்ற் இருவரே! அனைவருக்கும் என் வணக்கம்.

இந்த மணமேடையை எழுப்பியது எது தெரியுமா? ஒரு தாள்! தாள் என்றேனா? பிழை! நியூசிலாந்து இந்தத் தொண்ணூற்றொன்பதில் வெளியிட்ட பிளாஸ்டிக் நோட்டு!

மணமகள் இங்கே இலண்டனின் பார்க்கிங் பகுதியில் மிருக வைத்தியசாலைத் தாதி. மணமகன் நியூசிலாந்தின் டனீடின் நகரத்து ஆய்வுகூடத்தில் வேலை. இலண்டனில் படிக்கும்போது மலர்ந்த காதல். மதமோ வேறு, தேசமோ தூரம். மணமகளின் தந்தை, என் நண்பர் ஸ்ரீஸ்கந்தராஜா, ஒரே சொல்லில் நின்றார்: "ஏலாது!"

சென்ற மாதம் பெனடிக்ற் நண்பர் வீட்டுக்கு நேரிலேயே வந்தார். நானும் அங்கிருந்தேன். வந்தவர் மேசையில் ஐந்து டொலர் நோட்டொன்றை வைத்தார். என் நண்பர் எரிமலையானார்.

"என்ன தம்பி, காசு காட்டி என்ரை பிள்ளையைக் கேக்க வந்தனீரோ?"

"ஐயோ, இல்லை ஐயா! அதிலை இருக்கிற பறவையைக் காட்டத்தான் கொண்டந்தனான்."

கேட்டாரா? நோட்டைப் பறித்தார், கிழித்தார்... கிழியவில்லை! கசக்கினார், விரிந்தது! பல்லைக் கடித்து இழுத்தார். பல் நொந்ததே தவிர நோட்டு நோகவில்லை! முன்வரிசையில் யார் சிரிப்பது? மணமகளின் தாயார் கனகாம்பிகையா? அன்றும் இப்படித்தான் சிரித்தார். பிறகு நண்பருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூச்சு வாங்கியபடி நோட்டைப் பார்த்தார். மஞ்சள் கண் பென்குயின், பக்கத்தில் காட்டுப் பூ, கடற்பாசி.

"இதென்ன, இப்பிடி முழிக்குது?"

பதில் சொன்னது பெனடிக்ற் அல்ல, சிவகௌரி. "அப்பா, உலகத்திலை இது கொஞ்சம்தான் மிச்சம். டனீடின் கரையிலை காயப்பட்டுக் கிடக்கிறதுகளைத் தூக்கி வைத்தியம் பாக்கினம். எனக்கு அந்த வேலை செய்யோணும்."

"இதை ஏன் பிள்ளை முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே அப்பா."

அன்பர்களே, மதத்தைக் கேட்டோம், மாப்பிள்ளையின் ஊரைக் கேட்டோம், சம்பளத்தைக் கேட்டோம். மகளின் மனத்தைக் கேட்டோமா? என் நண்பர் கேட்டார்! கண் கலங்கக் கேட்டார்! "உனக்கு என்ன விருப்பம், பிள்ளை?" என்று கேட்டார்! அவள் பெனடிக்ற்றைப் பார்த்தாள். "அப்ப போயிட்டு வா. வருசத்துக்கு ஒருக்கா வந்திடோணும்," என்றார் நண்பர்.

கேட்கத் துணிந்த அந்தத் தந்தைக்கு, கூரை அதிரக் கை தட்டுங்கள்!

இவ்வளவு விரைவில் மண்டபம் பிடித்தவர்களுக்கும், பொறுமையாய்ச் செவிமடுத்த உங்களுக்கும் நன்றி. மணமக்கள் மகிழ்ந்து வாழ்க! வணக்கம்!