உப்புக்காற்றுக்குச் சுற்றிய டியூப்

பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியபோது பின்சீட்டில் ஒருவர், "நீங்க பாசத்துலதான் கொன்னிருக்கீங்கக்கா" என்றார். சட்டென்று திரும்பிப் பார்த்தேன். கையெல்லாம் கிரீஸ் கறையோடு ஒரு மெக்கானிக். பக்கத்தில் மீன்கூடையோடு ஒரு பெண்.

"உப்புக்காத்து படக்கூடாதுன்னுதானே பைக் ரெகுலேட்டர்ல சைக்கிள் டியூப்பைச் சுத்துனேன்?"

"வண்டி ஓடுறப்ப வேண்டியதுக்கு மேல கரண்டு வரும்க்கா. மிச்சத்தை அது சூடாக்கித்தான் வெளிய தள்ளும். காத்துப் படலைன்னா வெந்துரும். அப்புறம் கரண்டு அடங்காமப் போயி பேட்டரி, பல்பு எல்லாத்தையும் காலி பண்ணிரும்."

அந்தப் பெண் அவசரமாகப் போனை எடுத்தாள்.

"ஏங்க, வண்டிய எடுத்துறாதீங்க. காலையில மாட்டுன புது ரெகுலேட்டருக்கும் டியூப்பை ரெண்டு சுத்து கூடப் போட்டிருக்கேன்."