தூக்கம் கெட்ட இன்ஸ்பெக்டர்

இந்த டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், டி.எஸ்.பி. அய்யா. பரவாயில்லை, குடித்துக்கொள்கிறேன். பதினெட்டு வருடம் ஸ்டேஷனில் ரைட்டராக உட்கார்ந்து மற்றவர்கள் சொன்னதை எழுதியவன் நான். உங்கள் ஆள் கை வலிக்காமல் எழுதும்படி நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன்.

நான் வேறு பெயரில் துப்பறியும் நாவல் எழுதுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒன்பது வந்துவிட்டன. எல்லாவற்றிலும் ஒரே இன்ஸ்பெக்டர்தான். மனைவி விட்டுப் போனவர், குடிப்பவர், தூக்கம் கெட்டவர். அருப்புக்கோட்டையில் தறி ஓட்டுகிற பெண்கள்கூட, "அந்த மனுசன் இந்தத் தடவையாச்சும் நல்லாருப்பாரா?" என்று கேட்டுக்கொண்டே வாசித்தார்கள். அவர் நல்லாருக்கக் கூடாது என்பதில்தான் ருசியே இருக்கிறது. நிம்மதியாகத் தூங்குகிறவனுக்கு அடுத்தவனுடைய பொய் காதில் விழாது.

எங்கள் இன்ஸ்பெக்டர் ராஜபாண்டியைப் பார்த்துத்தான் அவரை எழுதினேன். மனைவி அனுசியா கோபித்துக்கொண்டு பரளச்சிப் பக்கம் பிறந்த வீட்டுக்குப் போயிருந்த நாலு வருடத்தில், ஒரு கொலைக் கேஸும் ராஜபாண்டி கையிலிருந்து நழுவவில்லை.

போன மார்கழியில் ஒரு நாள் டிபன் கேரியரோடு வந்தார். முகச்சவரம் செய்திருந்தார். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. பக்கத்தில் போய் மோந்து பார்த்தேன், வாடை இல்லை. மேஜை டிராயரைத் திறந்து பார்த்தேன், பாட்டில் இல்லை.

"அனுசியா வந்துட்டாப்பா அசோக்கு. இப்பல்லாம் படுத்தா ஒரே தூக்கந்தான்," என்றார்.

அந்த மாதம் ஒரு கொலைக் கேஸில் செத்தவரின் மச்சினனை அரைமணி நேரம் விசாரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவன் புளுகினது எனக்கே தெரிந்தது. என் பத்தாவது நாவல் முப்பதாம் பக்கத்தில் நின்றுபோனது. நல்ல மனிதர் கண்முன்னே கெட்டுப்போகிறாரே என்று வயிறு எரிந்தது.

தை மாதம் நம் பக்கம் குதிரைவாலிக் கதிரைத் தாளோடு அறுத்துத் தார் ரோட்டில் பரப்புவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்தால் கதிரடிக்கிற வேலை மிச்சம். வண்டியில் வருகிறவர்கள் வழுக்கி விழுவதும் உண்டு. வருடத்துக்கு நாலைந்து வழக்கு எழுதியிருக்கிறேன். எல்லாமே விபத்துதான், ரோட்டில் கிடக்கிற தாளை யாரும் கிளறிப் பார்ப்பதில்லை.

அனுசியா டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு நாலரை மணிக்கு ஸ்கூட்டரில் ஊருக்கு வெளியே ரோடு திரும்புகிற வளைவைத் தாண்டுவார். அங்கே தன் வெள்ளாமையைப் பரப்பியிருந்த சம்சாரி பால்ச்சாமி டீ குடிக்கப் போன நேரத்தில், தாளுக்கு அடியில் ஒரு கல்லை வைத்தேன். ஸ்டேஷன் வாசலில் செடிகளுக்கு ஓரமாக வெள்ளையடித்து வரிசையாக வைத்திருக்கும் கற்களில் ஒன்று அது. வேண்டுமென்றேதான் அதை எடுத்தேன். இன்ஸ்பெக்டர் கண்டுபிடிக்க ஒரு தடயம் வேண்டும் அல்லவா?

ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே டீச்சர் இறந்துபோனார். பால்ச்சாமி தானாகவே ஸ்டேஷனுக்கு வந்து, "எம் பயிரு ஒரு உசுரக் குடிச்சிருச்சே சாமி, என்னைய உள்ள தூக்கிப் போடுங்க," என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் மேல் வழக்கை நான்தான் எழுதினேன். ஒரு வாரத்தில் ராஜபாண்டி அவரை விட்டுவிட்டு என் முன்னால் வந்து நிற்பார் என்று நம்பியிருந்தேன்.

மறுநாள் காலை அவரை வளைவுக்கு நான்தான் கூட்டிப் போனேன். கல் அங்கேயே கிடந்தது. காலால் அவர் பக்கம் தள்ளியும் விட்டேன். அவர் தாளில் சிக்கியிருந்த டீச்சரின் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு நாளாச்சும் நானே அவளக் கொண்டுபோயி விட்டிருக்கலாமே அசோக்கு," என்றார்.

அதற்குப் பிறகு லீவு போட்டவர்தான். ஏழு மாதம் ஆகிறது. குடிக்கக்கூட இல்லை.

பால்ச்சாமிக்கு இரக்கப்பட்டு நான் இங்கே வரவில்லை அய்யா. கண்டுபிடிக்க வேண்டியவர் கண்டுபிடிக்காததால் நானே வந்து சொல்ல வேண்டியதாகிவிட்டது. அனுசியாவைக் கொன்றது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளட்டும். ஆனால் ஒன்று. என் இன்ஸ்பெக்டர் மூன்றாவது அத்தியாயத்திலேயே என்னைப் பிடித்திருப்பார். இவர் உட்கார்ந்து அழுதார். இத்தனை வருடம் இவரை உயர்த்தி உயர்த்தி எழுதினவனுக்கு இவர் செய்கிற மரியாதை இதுதானா அய்யா?